வேறுபட்ட தேவைகளுள்ள பிள்ளைகளுக்குக் கற்பித்தல்: வகுப்பாசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள், பயிற்சிக் கூட்டங்களிலும் நான் அவர்கள் பள்ளிக்குச் செல்லும்போதும் சிறப்புப் பயிற்றுநரான என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். பிள்ளை கற்க வேண்டியதைக் குறைப்பதற்கு முன்னால், அது கற்கும் வழியை மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்திலிருந்துதான் விடைகள் எல்லாம் பிறந்திருக்கின்றன.

உள்ளடக்கிய கல்வி என்பது, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையைப் பொதுப்பள்ளியில் சேர்த்துக்கொள்வதுதானே?

சேர்த்துக்கொள்வது முதற்படி மட்டுமே. வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தும், கடைசி வரிசையில் ஒரு படத்துக்கு வண்ணம் தீட்டியபடியே ஆண்டு முழுவதையும் கழிக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை பள்ளிக்குள் இருக்கிறது, பாடத்துக்குள் இல்லை. பாடத்தின் நோக்கம், பொருள், செயல்பாடு, மதிப்பீடு ஆகிய நான்கிலும் அந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் இருக்கும்படி ஆசிரியர் திட்டமிடுவதே உள்ளடக்கிய கல்வி.

1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமாங்கா நகரில் வெளியிடப்பட்ட அறிக்கை இந்தக் கருத்தை உலக அளவில் முன்வைத்தது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. 6 முதல் 18 வயது வரையுள்ள, வரையறுக்கப்பட்ட அளவுக்குக் குறைபாடு கொண்ட பிள்ளை, தன் விருப்பப்படி அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம் என்று அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே, ‘இந்தப் பிள்ளையைச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள்’ என்று பெற்றோரிடம் முடிவாகச் சொல்லும் உரிமை பள்ளிக்கு இல்லை.

வேறுபட்ட தேவைகள் என்றால் யாருடைய தேவைகள்?

1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டது. 2016ஆம் ஆண்டின் சட்டம் அதை 21ஆக உயர்த்தியது. ஆட்டிசம் (பிறரோடு பழகுவதையும் தொடர்புகொள்வதையும் பாதிக்கும் வளர்ச்சி வேறுபாடு), குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு, தலசீமியா என்னும் இரத்த நோய் ஆகியவை அப்பட்டியலில் இருக்கின்றன. ஆனால் வகுப்பாசிரியர் அந்தப் பட்டியலோடு நின்றுவிடக் கூடாது. வீட்டில் தெலுங்கோ உருதோ இருளர் மொழியோ பேசிவிட்டுத் தமிழ் வழியில் படிக்க வரும் பிள்ளை, செங்கல் சூளையில் வேலை செய்யும் பெற்றோருடன் ஒடிசாவிலிருந்து வந்து ஆண்டின் நடுவில் சேர்ந்த பிள்ளை, நீண்ட நோயால் மூன்று மாதம் வராத பிள்ளை, குடும்பத்தில் முதன்முதலாகப் புத்தகத்தைத் தொடும் பிள்ளை ஆகிய எல்லோருக்கும் பாடமுறையில் ஏதோ ஒரு மாற்றம் தேவைப்படுகிறது.

மருத்துவச் சான்றிதழ் வந்த பிறகுதானே கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும்?

இல்லை. உதவித்தொகைக்கும் தேர்வுச் சலுகைக்கும் சான்றிதழ் வேண்டும். கரும்பலகையில் எழுத்தைப் பெரிதாக எழுதுவதற்கு எவருடைய சான்றும் வேண்டியதில்லை. கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து, தகுந்த கற்பித்தல் நடவடிக்கை எடுப்பது பள்ளியின் கடமை என்று சட்டத்தின் 16ஆம் பிரிவே சொல்கிறது.

ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாடம் தயாரிக்க முடியுமா?

முடியாது, யாரும் அதை எதிர்பார்க்கவும் கூடாது. நாற்பது பாடங்கள் தேவையில்லை. ஒரே பாடத்துக்குள் நுழைய மூன்று நான்கு வாசல்கள் இருந்தால் போதும்.

பள்ளிக் கட்டடத்தின் சாய்தளத்தை எண்ணிப் பாருங்கள். சக்கர நாற்காலிக்காகக் கட்டப்பட்டாலும், சத்துணவுக்கான அரிசி மூட்டையைத் தள்ளிக்கொண்டு வருபவருக்கும், முழங்கால் வலியோடு பேரனை அழைத்துப்போக வரும் பாட்டிக்கும் அது பயன்படுகிறது. கட்டடக் கலையில் தோன்றிய இந்தப் பொது வடிவமைப்புக் கருத்தை, அமெரிக்காவில் 1984இல் தொடங்கப்பட்ட ‘காஸ்ட்’ என்னும் அமைப்பு பாடத்துக்குக் கொண்டுவந்தது. பாடப்பொருளைப் பல வடிவங்களில் முன்வைப்பது, தெரிந்துகொண்டதைப் பல வழிகளில் வெளிப்படுத்த விடுவது, ஆர்வம் பிறக்கப் பல காரணங்களைத் தருவது என்று அது மூன்று கொள்கைகளை வகுத்தது.

நான்காம் வகுப்பில் பின்னங்களைக் கற்பிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கரும்பலகையில் வட்டம் வரைந்து நான்கில் ஒரு பங்கை நிழலிட்டுக் காட்டுவதுதான் வழக்கம். பார்வை மங்கிய பிள்ளைக்கு அந்த நிழல் தெரியாது. அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ள பிள்ளைக்கு வட்டத்துக்கும் எண்ணுக்கும் இடையிலுள்ள தொடர்பு புரியாது. அதற்குப் பதிலாக, ஆளுக்கொரு செய்தித்தாள் துண்டைக் கொடுத்து, இரண்டாக மடித்து, மீண்டும் இரண்டாக மடித்து, மடிப்புக் கோட்டை நகத்தால் அழுத்தச் சொல்லுங்கள். விரலால் தடவினாலே நான்கு சம பாகங்கள் தெரியும். பிறகு ஒரு கயிற்றை எடுத்து, வகுப்பின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை பிடித்து, பாதியில் ஒருவரும் கால்பங்கில் ஒருவரும் நிற்கட்டும். உட்கார முடியாமல் தவிக்கும் பிள்ளைக்கு அங்கே ஒரு வேலை கிடைக்கிறது. கடைசியாகத்தான் எண்ணும் கோடும். மதிப்பிடும்போது ஒருவர் எழுதலாம், ஒருவர் மடித்துக் காட்டலாம், ஒருவர் வாயால் சொல்லலாம். கால் என்பது நான்கில் ஒன்று என்ற பாடநோக்கம் எல்லோருக்கும் ஒன்றே. பெரிய செலவும் இல்லை. ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அரையைவிடக் கால் பெரிது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் வெளிவரும். நான்கு, இரண்டைவிடப் பெரிய எண் அல்லவா!

இது நமக்குப் புதிதும் அன்று. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு அவரவர் வேகத்தில் கற்றல் ஏணியின் படிகளில் ஏறினார்கள். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் ஒரே வகுப்பிலுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. நிலை என்பது அன்றைய பயிற்சிக்கான இடம். அதைப் பிள்ளையின் பெயராக்கிவிடக் கூடாது. ‘அவன் அரும்புப் பையன்’ என்று ஆசிரியர் அறையில் பேசப்படுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு வந்தும் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு என்ன செய்வது? பேச்சில் அவன் மிகவும் கெட்டிக்காரன்.

என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான்; ஆகையால் விரிவாகவே சொல்கிறேன். பேச்சில் தெளிவும், படிப்பில் தடுமாற்றமும், எழுத்தில் பெரும் பிழையும் சேர்ந்திருந்தால் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அது முடிந்ததும், தடுமாற்றம் எங்கே நிகழ்கிறது என்று கவனியுங்கள். ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே தமிழுக்குப் பயன்படுத்த முடியாது; நம் எழுத்துமுறையின் கடினங்கள் வேறு.

தமிழில் எழுத்துகள் 247 என்று சொல்லிப் பிள்ளையை அச்சுறுத்துகிறோம். 12 உயிரையும் 18 மெய்யையும் இணைக்கும் முறை புரிந்தால் 216 உயிர்மெய்யும் கைக்கு வந்துவிடும். ஆனால் அந்த இணைப்பில்தான் சிக்கல் இருக்கிறது. ‘கெ’ என்று ஒலிக்கும்போது ககரம் முதலில் கேட்கிறது, எகரம் பின்னால் கேட்கிறது. எழுதும்போதோ ஒற்றைக்கொம்பு முதலில் வருகிறது. ‘கொ’ எழுதும்போது ஒரே உயிரொலியின் குறி மெய்யின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் முரண்படும் இந்த இடத்தில் குறைபாடுள்ள பிள்ளை தடுக்கி விழுகிறது. உகரமோ கு, சு, து, மு என்று மெய்க்கு மெய் வடிவம் மாறுகிறது. ஒரே ககரம் கல், தங்கம், பகல் ஆகிய சொற்களில் மூன்று விதமாக ஒலிக்கிறது.

கொம்பையும் துணைக்காலையும் தனித்தனி அட்டைகளாக வெட்டி, ககர அட்டைக்கு இப்புறமும் அப்புறமும் பிள்ளையே நகர்த்தி வைத்து ஒலித்துப் பார்க்கட்டும். கொம்புக்கு ஒரு நிறமும் மெய்க்கு ஒரு நிறமும் கொடுங்கள். ஆகாரம், இகரம் போல மெய்க்குப் பின்னால் குறி வருபவற்றை முதலில் முடித்துவிட்டு, கொம்பு எழுத்துகளைப் பின்னால் எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் விரலால் எழுதும்போது வாயும் ஒலிக்க வேண்டும்.

ண, ந, ன மூன்றையும் ஒரே நாளில் அருகருகே எழுதிக் காட்டுவது குழப்பத்தையே பயிற்சியாக்குவது போன்றது. ஒன்று உறுதிப்பட்டுச் சில வாரங்கள் கழிந்த பிறகே அடுத்தது வரட்டும். இங்கே நம் பழைய திண்ணைப் பள்ளி மரபின் பெயர்கள் பெரும் துணையாகின்றன. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்களுக்குள்ளேயே விதி அடங்கியிருக்கிறது. டகரத்துக்கு முன்னால் வருவது ண், தகரத்துக்கு முன்னால் ந், றகரத்துக்கு முன்னால் ன்: வண்டி, பந்து, கன்று. மூன்று சுழி, இரண்டு சுழி என்று எண்ணச் சொல்வதைவிட இந்த மூன்று சொற்களையும் படத்தோடு சுவரில் ஒட்டிவைப்பது நல்லது.

இதற்கிடையில் அந்தப் பிள்ளையின் அறிவியலும் சமூக அறிவியலும் நின்றுவிடக் கூடாது. பாடத்தை வாசித்துக் காட்டுங்கள், பக்கத்திலுள்ள தோழி வாசிக்கட்டும், விடையை வாய்மொழியாகக் கேளுங்கள். வாசிப்பில் உள்ள தடை, பாடப்பொருள் எல்லாவற்றிலும் தடையாகிவிடாமல் காப்பதே வகுப்பாசிரியரின் முதல் வேலை. எல்லோர் முன்னிலையிலும் திடீரென்று எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். முந்தின நாளே அந்தப் பத்தியைக் கொடுத்துவிட்டால் அவனும் தலைநிமிர்ந்து வாசிப்பான்.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குக் கரும்பலகையை எப்படிப் பயன்படுத்துவது?

எழுதுவதை எல்லாம் எழுதும்போதே உரக்கச் சொல்லுங்கள். ‘இதையும் இதையும் கூட்டினால் இது’ என்ற வாக்கியம் பார்வையற்ற பிள்ளையிடம் எதையும் சேர்ப்பதில்லை. ‘நாற்பத்தெட்டையும் பன்னிரண்டையும் கூட்டினால் அறுபது’ என்பது சேர்க்கிறது. ஓரளவு பார்வை உள்ள பிள்ளைக்கு, நன்றாகக் கருமை பூசிய பலகையும், பெரிய எழுத்தும், பலகையில் வெயில் பட்டுக் கூசாத இருக்கையும் தேவை. முதல் வரிசைதான் சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எங்கே உட்கார்ந்தால் தெரிகிறது என்று பிள்ளையையே கேளுங்கள்.

முற்றிலும் பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெயில் கற்பிக்கச் சிறப்பாசிரியரின் துணை வேண்டும். கணக்குக்கு டெய்லர் சட்டமும் (சிறு ஆணிகளைத் துளைகளில் செருகி எண்களைக் குறிக்கும் பலகை) மணிச்சட்டமும் (கம்பியில் மணிகளை நகர்த்தி எண்ணும் கருவி) இருக்கின்றன. வகுப்பாசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அழகான செய்தி ஒன்றுண்டு. தமிழ்ப் பிரெயிலில் உயிர்க்குறி எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் வரும். அச்சில் படிக்கும் பிள்ளையைத் தடுக்கிவிடும் கொம்பு, விரலால் படிக்கும் பிள்ளைக்கு இல்லை.

செவித்திறன் குறைந்த பிள்ளை கருவி அணிந்திருக்கிறாள். இருந்தும் ஏன் பாடம் புரியவில்லை?

காதொலிக் கருவி மூக்குக்கண்ணாடியைப் போன்றது அன்று. அணிந்தவுடன் எல்லாம் தெளிவாகிவிடாது. உங்கள் பேச்சோடு மின்விசிறியின் இரைச்சலையும் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டையும் சேர்த்தே அது பெருக்கக்கூடும். ஆகவே அருகில் நின்று, முகம் காட்டி, இயல்பான வேகத்தில் பேசுங்கள். கத்தினால் உதட்டின் வடிவம் மாறிவிடும். சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும். பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசினால் அந்த நேரத்துப் பாடம் முழுவதும் அவளுக்கு இல்லாமல் போகும்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்கும் எல்லை உண்டு. ‘பாடு’, ‘மாடு’ என்று கண்ணாடி முன்னால் ஒலியின்றிச் சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசைகிறது. ககரம் தொண்டையருகே பிறப்பதால் உதட்டில் தெரிவதே இல்லை. எனவே பாடத்தின் புதுச் சொற்களை வகுப்பு தொடங்கும் முன்பே பலகையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். சைகை மொழி தெரிந்த பிள்ளையானால், வகுப்பிலுள்ள எல்லோரும் நாளுக்கு ஐந்து சைகைகளை அவளிடமே கற்றுக்கொள்ளட்டும். சைகை மொழி பழகினால் பேச்சு வராது என்ற அச்சத்தால் பிள்ளையை எந்த மொழியும் இல்லாமல் விட்டுவைப்பது மிகப் பெரிய இழப்பு.

ஆட்டிசம் உள்ள பிள்ளை, ஓரிடத்தில் உட்காராத பிள்ளை ஆகியோரால் வகுப்பே நின்றுவிடுகிறதே?

நடத்தையைக் கட்டுப்படுத்துவதற்கு முன்னால், அதற்கு முந்திய நிமிடத்தில் என்ன நடந்தது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளைக்கு அந்த ஒலி உண்மையாகவே வலிக்கிறது. மணி அடிக்கப்போவதை முன்பே சொன்னாலும், மணியிலிருந்து தள்ளி உட்கார வைத்தாலும் பாதி அமைதி வந்துவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அடுத்து என்ன என்று தெரியாமை பெரும் பதற்றம். பாடவேளை, உணவு, விளையாட்டு, வீடு என்று அன்றைய நிகழ்வுகளைப் படங்களாக வரிசையில் ஒட்டி, முடிந்ததை அவரே கழற்றிப் பெட்டியில் போடும்படி செய்யுங்கள். மரபுத்தொடர்களைத் தவிர்த்து, செய்ய வேண்டியதை நேராகச் சொல்லுங்கள். ‘வாயை மூடு’ என்றால் கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை உங்களைக் கேலி செய்யவில்லை.

ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு, பத்துக் கணக்கை ஒன்றாகத் தராமல் மூன்று மூன்றாகத் தாருங்கள். மூன்று முடிந்ததும் எழுந்து வந்து காட்டட்டும். நோட்டுகளைப் பங்கிடுவதும் பலகையைத் துடைப்பதும் அவருடைய பொறுப்பாகட்டும்.

கையால் எழுத முடியாத பிள்ளைக்கு?

பெருமூளை வாதம் உள்ள பல பிள்ளைகளுக்கு விடை தெரியும்; பென்சிலைப் பிடிப்பதுதான் கடினம். பழைய சைக்கிள் டியூபைப் பென்சிலில் சுற்றினால் பிடி தடிக்கும். தாளின் நான்கு மூலையையும் மேசையோடு ஒட்டிவிட்டால் நகராது. பாதம் தரையில் படும்படி உட்கார்ந்தால்தான் கை நிலைப்படும். எட்டவில்லை என்றால் காலுக்குக் கீழே ஒரு பலகையோ செங்கல்லோ வையுங்கள். வகுப்புக் குறிப்புகளைத் தோழர் ஒருவர் கார்பன் தாள் வைத்து எழுதித் தரலாம். அந்தப் பிள்ளை பேசுவது தெளிவில்லை என்றால், நான்கு விடைகளை எழுதிக் காட்டிக் கண்ணாலோ விரலாலோ சுட்டச் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் நடக்கும்போது, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை என்ன கற்பது?

இங்கே நோக்கத்தையே மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் பாடத்தின் தொடர்பை அறுக்காமல் மாற்ற வேண்டும். மற்றவர்கள் ஒரு பேனாவின் விலையை எக்ஸ் என்று கொண்டு சமன்பாடு அமைக்கும்போது, இந்தப் பிள்ளை உண்மையான பேனாவை உண்மையான காசு கொடுத்து வாங்கி மீதியை எண்ணட்டும். அதையும் சிறு சிறு படிகளாகப் பிரியுங்கள்: நாணயத்தை அடையாளம் காண்பது, பத்து ரூபாய்க்குச் சில்லறை சேர்ப்பது, பொருளைக் கேட்பது, மீதியைச் சரிபார்ப்பது. ஒரு படி உறுதியான பிறகே அடுத்தது. முன்னேற்றத்தை வகுப்பின் சராசரியோடு ஒப்பிடாமல், போன மாதத்து அந்தப் பிள்ளையோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள்.

தமிழ் தெரியாமல் வரும் பிள்ளைக்கு?

வீட்டு மொழியைத் தடை செய்யாதீர்கள். அதே மொழி பேசும் மூத்த மாணவர் ஒருவரைத் துணைக்கு வையுங்கள். எண்கள், உடல் உறுப்புகள், உணவு ஆகியவற்றின் பெயர்களை இரு மொழியிலும் சுவரில் எழுதுங்கள். முதல் சில வாரங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. அதைக் கற்றல் குறைபாடு என்று பதிவு செய்துவிடாதீர்கள்.

தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கொடுப்பது மற்றவர்களுக்கு அநீதி ஆகாதா?

தேர்வு எதை அளக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வரலாற்றுத் தேர்வு, எழுதும் வேகத்தை அளப்பதற்கு வைக்கப்படவில்லை. மூக்குக்கண்ணாடி அணிந்து தேர்வெழுதும் பிள்ளையை யாரும் குறை சொல்வதில்லை. இதுவும் அத்தகைய ஏற்பாடுதான். கூடுதல் நேரம், எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈடாகத் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறை சொன்னது.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது இதைத் தொடங்காதீர்கள். மருத்துவச் சான்றும் விண்ணப்பமும் முன்கூட்டியே போக வேண்டும். அதைவிட முக்கியமாக, சொல்லி எழுத வைப்பது தனிப் பழக்கம். வாக்கியத்தை மனத்தில் அமைத்து, நிறுத்தக்குறியோடு சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லித் திருத்தும் பயிற்சியை ஒன்பதாம் வகுப்பின் பருவத் தேர்வுகளிலேயே கொடுக்காவிட்டால் சலுகை கிடைத்தும் பயன்படாது.

சிறப்புப் பயிற்றுநர் எப்போதாவதுதான் வருகிறார். அவருடைய நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது?

வட்டார வள மையத்திலிருந்து வரும் ஒருவருக்குப் பல பள்ளிகளைப் பார்க்கும் பொறுப்பு இருக்கும். அவர் வந்ததும் பிள்ளையை வெளியே அழைத்துப்போகச் சொல்லிவிட்டு நீங்கள் பாடத்தைத் தொடர்வது எளிது. ஆனால் அவர் போன பிறகு மீதி நாள்களுக்கு எதுவும் மிஞ்சாது. மாறாக, அவரை உங்கள் வகுப்புக்குள் உட்கார வைத்துப் பாடம் நடத்துங்கள். அடுத்த வாரப் பாடத்தைக் காட்டி, ‘இந்தச் செயல்பாட்டில் இவள் எங்கே தடுமாறுவாள்?’ என்று கேளுங்கள். ‘இவள் எப்படிப் படிக்கிறாள்?’ என்ற பொதுக் கேள்விக்கு எங்களிடம் பொது விடைதான் இருக்கும்.

பெற்றோரிடம் இதை எப்படிச் சொல்வது?

குறைபாட்டின் பெயரை ஆசிரியர் சூட்டக் கூடாது. அது மருத்துவரின் பணி. நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். ‘பலகையில் இருப்பதை எழுதும்போது வரி விட்டுப்போகிறது, கண்ணைக் காட்டிப் பாருங்கள் அம்மா’ என்பது போதும். அவர் பிள்ளையால் முடிவது ஒன்றையாவது முதலில் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் நிற்கும் இடத்தில் இதைப் பேசாதீர்கள். உறவுக்குள் திருமணம் செய்ததாலா, கர்ப்ப காலத்தில் செய்த தவறாலா என்று தாய் அழும்போது காரணம் தேடும் உரையாடலுக்குள் இறங்காமல், அடுத்த வாரம் எந்த மருத்துவமனைக்கு, என்ன தாள்களோடு போக வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தையும் தேவைப்படும் குடும்பங்களுக்குச் சொல்லலாம்.

இவ்வளவையும் ஒரேயடியாகச் செய்ய முடியாதே; எங்கிருந்து தொடங்குவது?

ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொள்ளுங்கள், ஒரு பாடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஐந்து நாள்கள், பாடத்தின் எந்த நிமிடத்தில் அந்தப் பிள்ளையின் கவனம் விலகுகிறது என்று நோட்டின் பின்பக்கத்தில் குறியுங்கள். பெரும்பாலும் ஒரே இடமாக இருக்கும்: பலகையைப் பார்த்து எழுதும் நேரம், அல்லது வாய்மொழியாக மூன்று கட்டளைகள் தொடர்ந்து வரும் நேரம். ஆறாவது நாள் அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றுங்கள். பத்து நாள்கள் அந்த மாற்றத்தைத் தொடர்ந்துவிட்டு, மீண்டும் குறியுங்கள். நான் உங்கள் பள்ளிக்கு வரும்போது அந்த நோட்டைக் காட்டுங்கள். அங்கிருந்து சேர்ந்து பார்ப்போம்.